பல் கேப் கழன்று விழுந்துவிட்டதா? ஐஸ்கிரீம் விற்று பல் மருத்துவக் கல்லூரி நடத்திய ரஃபியுதீன் அகமதுவைத் தெரிஞ்சுக்கோங்க!

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் கிரிவலம் போய்க்கிட்டு இருக்கீங்க. வழியில் வாங்கிய கடலை மிட்டாயைக் கடித்ததும் வாயில் ஏதோ உருளுது. எடுத்துப் பார்த்தால், கடைவாய்ப் பல்லுக்குப் போட்ட கேப்! அதன் உள்பக்கம் வெள்ளையாக ஒட்டியிருப்பதுதான் பல் சிமென்ட்.

மறுநாள் காலையில் ஒரு பல் கிளினிக்கைத் தேடிப் போய் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். ஆனால், 1920-க்கு முன்பு இந்த வேலையை முறையாகக் கற்றுத்தர இந்தியாவில் ஒரு கல்லூரிகூட இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர்தான் டாக்டர் ரஃபியுதீன் அகமது.

யார் இவர்?

1890 டிசம்பர் 24-ல், இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். அலிகாரில் படித்துவிட்டு 1909-ல் அமெரிக்கா கிளம்பினார். அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-ல் பல் மருத்துவப் பட்டம். பிறகு பாஸ்டனில், குழந்தைகளுக்கான ஃபோர்சித் பல் மருத்துவமனையில் வேலை. அங்கேயே செட்டில் ஆகியிருக்கலாம். ஆனால், 1919-ல் ஊர் திரும்பி கொல்கத்தாவில் கிளினிக் போட்டார்.

ஐஸ்கிரீம் காசில் கல்லூரி

அடுத்த ஆண்டே, 1920-ல், இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். பணத்துக்கு என்ன செய்தார் தெரியுமா? ‘நியூயார்க் சோடா ஃபவுன்டன்’ என்ற பெயரில் ஐஸ்கிரீம், குளிர்பானக் கடை நடத்தினார். இனிப்பு விற்ற காசில் சொத்தைப் பல்லுக்கு வைத்தியம் சொல்லிக்கொடுத்த மனிதர்! முகமது அலி ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா ஜின்னாவும் இங்கே படித்தவர்தான்.

1925-ல் பல் மருத்துவத்துக்கென ஓர் இதழ் தொடங்கினார். 1928-ல் மாணவர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். சொத்தையைச் சுத்தம் செய்து பல்லை அடைக்கும் சிகிச்சைதான் அதன் பாடம்.

சிமென்ட் கலக்க ஒரு படிப்பா?

ஆமாம். அந்தக் காலத்தில் அதிகம் பயன்பட்டது ஜிங்க் பாஸ்பேட் சிமென்ட். ஜிங்க் ஆக்சைடு பொடியையும் பாஸ்பாரிக் அமிலத்தையும் கண்ணாடிப் பலகையில் வைத்துக் கலக்க வேண்டும். கலக்கும்போதே சூடாகும். சூடானால் சீக்கிரம் இறுகிவிடும். அதனால் பலகையைக் குளிர வைத்து, பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். நம்ம ஊர் வெயிலில் இது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை.

கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே சிமென்ட் படலம் தலைமுடியைவிட மெல்லிசாக இருக்கணும். தடித்துவிட்டால் கேப் சரியாக உட்காராது. ஓரத்தில் இடைவெளி விழும். எச்சில் பட்டால் பிடிப்பு போகும். எல்லாவற்றையும்விட முக்கியம், உள்ளே துளி சொத்தைகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் மேலே கேப் பளபளன்னு இருக்கும், அடியில் பல் அரித்துக்கொண்டே போகும். வலி வரும்போதுதான் நமக்கே தெரியும்.

1970-களில் பிரிட்டனிலிருந்து வந்த கிளாஸ் அயனோமர் சிமென்ட், பல்லில் உள்ள கால்சியத்தோடு நேரடியாகப் பிணையும், ஃப்ளூரைடும் வெளிவிடும். சிமென்ட் மாறினாலும் ஒட்டுகிறவரின் கைப்பழக்கமும் படிப்பும்தான் பல்லைக் காப்பாற்றுகின்றன.

சட்டம் வந்தது

கல்லூரி மட்டும் போதாது, படிக்காதவர்கள் பல்லில் கை வைப்பதையும் தடுக்கணும் என்பதில் அகமது உறுதியாக இருந்தார். அவர் முயற்சியில் 1939-ல் வங்காளத்தில் பல் மருத்துவர் சட்டம் வந்தது. 1948-ல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. பல் மருத்துவர்கள் பதிவு செய்துகொள்வது கட்டாயமானது.

1949-ல் தன் கல்லூரியை அரசுக்கே கொடுத்துவிட்டார். பிறகு மேற்கு வங்கத்தில் அமைச்சராக இருந்தார். 1964-ல் பத்மபூஷண் கிடைத்தது. மறு ஆண்டு காலமானார். கொல்கத்தாவில் அந்தக் கல்லூரி இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது. அவர் பிறந்த டிசம்பர் 24, தேசிய பல் மருத்துவர் தினம்.

சரி, கழன்ற கேப்பை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீங்க. கழுவி ஒரு சின்ன டப்பாவில் பத்திரமாக வைங்க. சூப்பர் க்ளூ போட்டு நீங்களே ஒட்டவே கூடாது. விலை குறைவு என்று தெருவோரம் பல் கட்டுபவரிடமும் போகாதீங்க. முடிந்தவரை சீக்கிரம் டென்டிஸ்ட்டைப் பாருங்க. போர்டில் பதிவு எண் இருக்கிறதா என்று ஒரு தடவை செக் பண்ணுங்க. அந்த எண்ணுக்காகத்தான் ஒருவர் அவ்வளவு பாடுபட்டார்.