நாணலை ஆராய்ந்த நங்கை

தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த திருக்கோவிலூர்ப் பகுதியில் கரும்பு செழித்து வளர்கின்றது. இனிமை மிக்க அக்கரும்பிற்கும், ஆற்றோரங்களில் தானே முளைக்கும் நாணலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அவ்வுறவை நுண்ணோக்கியால் ஆராய்ந்து புகழ்பெற்றவர் ஜானகி அம்மாள் ஆவார்.

இவர் 1897ஆம் ஆண்டு தலைச்சேரியில் பிறந்தார். பெண்கள் உயர்கல்வி பெறுதல் அரிதாயிருந்த அக்காலத்தில், சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் 1931ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார்.

1934ஆம் ஆண்டு கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியேற்றார். கரும்பின் இனிமையையும் நாணலின் உறுதியையும் ஒருங்கே பெற விரும்பிய அந்நிலையத்தார், இரண்டையும் கலந்து 1918ஆம் ஆண்டிலேயே கோ 205 என்னும் புதுக் கரும்பை வெளியிட்டிருந்தனர். அக்கலப்பில் நிகழ்ந்தது யாது?

உயிரணுவினுள் குரோமோசோம்கள் என்னும் நுண்ணிய இழைகள் உள்ளன. பெற்றோரின் பண்புகளைச் சேய்க்குக் கொண்டுசெல்லும் மரபணுக்கள் அவற்றில் அமைந்துள்ளன. தாயும் தந்தையும் தத்தம் குரோமோசோம்களில் பாதியைச் சேய்க்கு அளித்தலே பொது விதி. கரும்பிற்கு 80, கோவை நாணலுக்கு 64. ஆகவே, சேய்க்கு 72 இருத்தல் வேண்டும். ஆனால், 112 இருந்தன! நாணல் விதிப்படி 32 அளிக்க, தாய்க் கரும்போ தன் 80ஐயும் முழுமையாக அளித்துவிட்டது. இத்தகைய நுட்பங்களையே அம்மையார் மேலும் ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பெற்ற பயிரைப் பற்றி 1938ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தார்.

1940ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் பணியாற்றினார். போரின் இன்னல்களுக்கிடையேயும் அவர்தம் ஆராய்ச்சி தளரவில்லை. டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து, பயிர்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1977ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

காட்டுச் செடி ஒன்று அழியின், அதன் மரபுச் செல்வமும் உடன் அழியும். அதனை மீண்டும் படைக்க எவராலும் இயலாது. இதனை நன்குணர்ந்த அம்மையார், எண்பது வயதைக் கடந்த பின்னும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை நீர்மின் திட்டத்தினின்றும் காக்க முன்வந்தார். பலருடைய முயற்சியால் 1983ஆம் ஆண்டு அத்திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

புல்லென்று எதனையும் இகழலாகாது என்பதே அவர்தம் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.