பண்டிதை ரமாபாய்

பெண்மக்கள் வடமொழி கற்றல் ஆகாது என்னும் கட்டுப்பாடு ஓங்கி நின்ற காலத்தில், தம் மனைவியார்க்கு அதனைக் கற்பித்து, அதனால் ஊராரின் பகையை ஏற்றவர் அனந்த சாஸ்திரியார் என்னும் மராட்டிய அந்தணர். அவர் மலைக்காடொன்றிற் குடிபுகுந்தார். ஆங்கு 1858-ஆம் ஆண்டிற் பிறந்த மகளாரே ரமாபாய். அன்னையாரே அவர்க்கு ஆசிரியை.

பஞ்சத்திற் பெற்றோரை இழந்த ரமாபாய், தமையனாருடன் கால்நடையாய்ப் பல நாடு கடந்து, 1878-இல் கல்கத்தாவை அடைந்தார். அந்நகரப் புலவர்கள் அவரது புலமையை ஆராய்ந்து வியந்து, பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களை வழங்கினர். 1880-இல் சாதிக்கட்டைக் கடந்து வங்காள வழக்கறிஞர் ஒருவரை மணந்தார். ஈராண்டு நிரம்புமுன் கைம்மை எய்தினார்.

தமக்குக் கல்வி துணையாயிற்று. கல்லாத கைம்பெண்டிர்க்குத் துணை யாது? இவ்வினாவே அவர்தம் எஞ்சிய வாழ்வை நடத்திற்று. 1882-இல் பூனாவில் மாதர் சங்கம் நிறுவினார். பெண்களுக்குப் பெண் ஆசிரியரும் பெண் மருத்துவரும் வேண்டுமென்று அரசாங்கக் கல்விக் குழுவின் முன் சான்று பகர்ந்தார். 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். எனினும், ஆண்டுள்ள திருச்சபைப் பெரியோர் கூறியவற்றையும் ஆராயாது ஏற்றாரல்லர்.

1889-இல் பம்பாயில் கைம்பெண்களுக்கென சாரதா சதனம் என்னும் கல்விச்சாலையைத் தொடங்கினார். பின்னர்ப் பஞ்சத்தில் அலைந்த பெண்கள் பலரைக் கேட்காமில் வாழ்வித்தார். அவர்கட்குக் கைத்தொழிலும் கற்பித்தார். முதுமையில் எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, எளிய பெண்களும் உணருமாறு வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்த்து, 1922-இல் மறைந்தார். தாய்க்கு மறுக்கப்பட்ட மறைமொழி உரிமையை மகளார் எத்துணைப் பேர்க்கு ஈந்தார்!

நண்பர்காள், நாம் பெற்ற கல்வி நம் இல்லத்துப் பெண்டிர்க்கும் எட்டியதா? இவ்வினாவிற்கு நாம் ஒவ்வொருவரும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.