படகுத்துறைக் குமாஸ்தா: ஜேம்ஸ் ஜெரோம் ஹில் சரித்திரம்

சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலென்றால் நம் குடும்பங்களிற் பலர் இன்னும் முகஞ்சுளிப்பர். பிள்ளை படித்துச் சர்க்கார் உத்தியோகத்தில் அமரவேண்டும், அன்றேல் வக்கீலாகவோ வைத்தியனாகவோ பேர் எடுக்கவேண்டும். லாரி ஆபீஸிலோ துறைமுகக் கிட்டங்கியிலோ குமாஸ்தாவாயிருப்பது, பெண் கேட்டுப் போகுமிடத்திற் சொல்லிக்கொள்ளத் தக்கதன்று என்பது அவர்தம் கருத்து. இக்காலத்தில் அத்தொழிலுக்கு லாஜிஸ்டிக்ஸ் என்று புதுப்பெயர் சூட்டிக் கல்லூரிகளிற் பாடமாகவும் வைத்துவிட்டனர். பெயர் மாறியும் எண்ணம் மாறக் காணோம். ஆதலின், ஆற்றங்கரைப் படகுத்துறையில் மூட்டைக்கும் பீப்பாய்க்கும் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்து, அங்குக் கற்ற கணக்கையே முதலாகக்கொண்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில் மேல்கடல் வரை இருப்புப்பாதை அமைத்த ஒருவருடைய சரித்திரத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

ஜேம்ஸ் ஜெரோம் ஹில் என்பார் 1838-ஆம் வருடம் செப்டம்பர் மாதம் 16-ந் தேதி, இப்போது கானடா தேசத்து ஒன்டாரியோ மாகாணத்தில் அடங்கிய ராக்வுட் என்னும் சிற்றூரை அடுத்து, எளிய குடியானவர் குடும்பத்திற் பிறந்தார். ஒன்பதாம் வயதில், வில்லம்பு வைத்து விளையாடுகையில் நேர்ந்த விபத்தால் வலக்கண்ணின் பார்வை போயிற்று. 1852-ல் தந்தையார் காலமாகவே, பதினான்காம் வயதிற் பள்ளியை விட்டு ஒரு மளிகைக் கடையில் வேலைக்கமர்ந்தார். ஒற்றைக் கண்ணோடு வாழ்நாள் முழுதும் புத்தகம் படித்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடுதல் தகும்.

வாலிபப் பருவத்தில் அவருக்குக் கீழ்த்திசை நாடுகளைக் காணவேண்டுமென்ற பேராசை உண்டாயிற்று. அதற்கு வழிதேடி 1856-ஆம் வருடம் ஜூலை மாதத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள செயின்ட் பால் நகரை வந்தடைந்தார். வடமேற்கே செல்லும் தோல் வியாபாரிகளின் வண்டிக்கூட்டம் அவ்வருடத்திற்குப் புறப்பட்டுப் போய்விட்டிருந்தது. அடுத்த கூட்டம் வரும்வரை வயிறு வளர்க்கவேண்டுமே என்று படகுக் கம்பெனி ஏஜண்டு ஒருவரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அடுத்த கூட்டம் வந்தது, போயிற்று, ஹில் போகவில்லை. பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டபோது பட்டாளத்திற் சேர முயன்றும், கண் குறையால் தள்ளப்பட்டார்.

அத்துறையில் அவர் செய்த வேலை யாதெனின், வந்த சரக்கைச் சீட்டோடு ஒப்பிட்டு எண்ணுதல், எடை பார்த்தல், சத்தம் பேசுதல், திரும்பும் படகுக்குச் சரக்குத் தேடிக் கொடுத்தல் முதலியனவாம். செயின்ட் பால் நகருக்கு மேல் பெரும்படகுகள் செல்லா. ஆகையால் வடமேற்குத் தேசத்திற்குச் செல்லும் சரக்கெல்லாம் அங்கேதான் இறங்கியாகவேண்டும். மழைக்காலத்திற்குப் பின் ஆறு உறைந்து போகும். உறையுமுன் வந்து சேராத சரக்கு அடுத்த வசந்தத்தில்தான் வரும். எவ்வூரில் எப்பொருள் எக்காலத்தில் வேண்டியிருக்கும், எப்பொருள் எவ்வளவு கூலி தாங்கும் என்பது நாளடைவில் அவருக்கு மனப்பாடமாயிற்று. இவ்விதம் ஏறக்குறையப் பத்து வருடங்கள் கழிந்தன. இப்பத்து வருடத்தை வீணானதென்று கருதுவோர், பின்வருவதைக் கவனிக்கவேண்டும்.

படகில் வந்த சரக்கைக் கரையில் இறக்கி, கட்டை வண்டியிலேற்றி மேட்டுக்கு இழுத்துச் சென்று, அங்கே மறுபடி இறக்கிப் புகைவண்டியில் ஏற்றுவது அந்நாள் வழக்கம். ஒரே மூட்டையை நான்கு முறை தூக்கினார்கள். தூக்குந்தோறும் கூலி, தூக்குந்தோறும் உடைசலும் களவும் ஒழுக்கும். தூரத்திற்காகக் கொடுக்கும் சத்தத்தைக் காட்டிலும் இக்கைமாற்றமே வியாபாரியின் லாபத்தை விழுங்குவதை ஹில் தம் பேரேட்டிற் கண்டார். 1866-ல் சொந்தத் தொழில் தொடங்கியவர், ஆற்றோரத்திலேயே நீண்ட பண்டகசாலை ஒன்றைக் கட்டினார். ஒரு பக்கம் படகு வந்து அணையும். மறுபக்கம் இருப்புப்பாதை வந்து நிற்கும். படகிலிருந்து கிட்டங்கித் தளம் வழியாக நேரே வாகனில் சரக்கு ஏறிற்று. கட்டை வண்டிக்கு வேலையில்லாமற் போயிற்று. இதில் பெரிய யந்திரமில்லை, புதிய சாஸ்திரமில்லை. துறையில் நின்று பத்து வருடம் பார்த்தவனுக்குத் தோன்றக்கூடிய எண்ணமே. ஆயினும் அத்துறையில் அவருக்கு முன் பலர் நின்று பார்த்திருந்தார்கள் அல்லவா?

அடுத்த வருடம் மேரி மெஹகன் என்னும் பெண்மணியை மணந்தார். பதின்மர் மக்கள் பிறந்தனர். புகைவண்டிக்கு விறகு விற்றுவந்த ஹில், விறகினும் நிலக்கரி சிக்கனமென்று கம்பெனிக்கு எடுத்துக்காட்டி, நகரத்து நிலக்கரி வியாபாரத்தையும் கைக்கொண்டார்.

அப்பால் அவர் நாட்டம் வடக்கே ஓடும் செந்நதியின்பாற் சென்றது. அந்நதி கானடாவுக்குள் வின்னிபெக் பக்கம் செல்வது. 1870-ஆம் வருடம் மார்ச்சு மாதத்தில், அங்கே கலகம் நடந்துகொண்டிருக்கையில், நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் பனிவெளியைக் கடந்து நிலைமையை நேரிற் பார்த்துவந்தார். அப்பிரயாணத்தில் ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் டொனால்டு ஸ்மித் என்பாரைச் சந்தித்தது பின்னால் பெரும் பயன் தந்தது. 1871-ல் செல்கர்க் என்னும் நீராவிப் படகை ஓடவிட்டார். எல்லை கடக்கும் சரக்குக்குச் சுங்கப் பிணைப்பத்திரம் வேண்டுமென்ற பழைய சட்டமொன்றைத் தாம் முன்னரே நிறைவேற்றிக்கொண்டு, போட்டிக்காரரான நார்மன் கிட்சன் படகுகளைத் திகைக்க வைத்தார். 1872-ல் இருவரும் ஒன்றாகிக் கூட்டுக் கம்பெனி ஏற்படுத்தினர். ஒன்றானவுடன் கூலி ஏறிற்று. வின்னிபெக் வியாபாரிகள் கதறினர். போட்டியுள்ள இடத்திற் கூலியைக் குறைத்த அதே கை, போட்டியற்ற இடத்தில் ஏற்றவும் தயங்கவில்லை. நம்மவர் எழுதும் தனவந்தர் சரித்திரங்களில் இத்தகைய பக்கங்களை விட்டுவிடுவது வழக்கம், நாம் விடவில்லை.

1873-ல் அமெரிக்காவிற் பெரும் பணமுடை ஏற்பட்டு, பல இருப்புப்பாதைக் கம்பெனிகள் முறிந்தன. அவற்றுள் செயின்ட் பால் பசிபிக் என்பதும் ஒன்று. அதன் கடன்பத்திரங்கள் பெரும்பாலும் ஹாலந்து தேசத்தாரிடம் இருந்தன. ஊரார் அப்பாதையைத் துருப்பிடித்த இரும்பென்று எள்ளினர். ஆனால் அப்பாதை வழியே எவ்வளவு சரக்குப் போகக்கூடும் என்பது அதற்குச் சரக்குக் கொடுத்துவந்த ஹில்லுக்குத் தெரியும். தம் உடைமை யாவற்றையும் பணயம் வைத்து, கிட்சன், ஸ்மித், மாண்ட்ரியல் பாங்கின் ஜார்ஜ் ஸ்டீபன் ஆகியோருடன் சேர்ந்து 1878-ல் அதனை வாங்கினார். வெட்டுக்கிளி அழிவு நீங்கிக் கோதுமை விளைந்த காலம் அது. அவ்வருட முடிவிலேயே பாதை கானடா எல்லையைத் தொட்டது. அரசாங்கம் மானியமாக அளித்த நிலத்தை விற்றும் பணம் வந்தது. ஹில் மானியமே பெறாதவர் என்று எழுதுவோர் உளர். மேற்கே கட்டிய நெடும்பாதைக்குத்தான் அது பொருந்தும்.

அந்நெடும்பாதையே கிரேட் நார்தர்ன். அதை அவர் ஒரே மூச்சிற் கட்டவில்லை. சில மைல் போடுவார். அப்பகுதியில் குடியானவர் வந்து அமர்ந்து விளைவு கிடைக்கும்வரை பார்ப்பார். பிறகு மேலே போவார். 1887-ல் மட்டும், மைனாட் தொடங்கி மேற்கே 600 மைலுக்கு மேல் ஒரே பருவத்தில் போட்டு முடித்தார். அவ்வழியில் மாண்டானா நாட்டின் வடபாகம் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்ட நிலம். அதனூடே பாதை விட அனுமதி பெற்றதும், 1888-ல் அந்நிலத்தின் பெரும்பகுதி அவர்கள் கையை விட்டுப் போனதும் இதன் மறுபக்கம்.

பாதை போடுவதில் அவருக்கு ஒரே பிடிவாதம் உண்டு: மேடு குறைவாயிருக்கவேண்டும், வளைவு குறைவாயிருக்கவேண்டும். சமதளத்தில் ஓர் எஞ்சின் இழுக்கும் பாரத்தில் ஒரு சிறு பங்கையே, நூறடிக்கு ஓரடி ஏறும் சரிவில் அது இழுக்கும். கட்டும்போது மிச்சம் பிடித்தால் ஓட்டும் நாளெல்லாம் நிலக்கரியாக அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இதனால், ராக்கி மலையைக் கடக்கத் தாழ்ந்த கணவாய் வேண்டுமென்று ஜான் ஸ்டீவன்ஸ் என்னும் எஞ்சினீயர் அனுப்பப்பட்டார். 1889-ஆம் வருடம் டிசம்பரில் மரையாஸ் கணவாயை அடைந்த ஸ்டீவன்ஸ், கொடும் பனியில் உறங்கினால் இறப்பது திண்ணமென்று அறிந்து, இரவு முழுதும் முன்னும் பின்னும் நடந்தே உயிர் தப்பினார். 5,200 அடி உயரமுள்ள அக்கணவாய் வழியே பாதை சென்றது. கேஸ்கேட் மலையில் மட்டும் இப்பிடிவாதம் பலிக்கவில்லை. 1900-ல் சுரங்கம் திறக்கும்வரை வண்டிகள் முன்னும் பின்னுமாக மலையேறின. அங்கேயே 1910-ஆம் வருடம் மார்ச்சு 1-ந் தேதி வெல்லிங்டன் என்னுமிடத்தில் பனிச்சரிவு இரண்டு ரயில்களை அடித்துத் தள்ளி 96 பேர் மாண்டனர்.

1893-ஆம் வருடம் ஜனவரி 6-ந் தேதி பாதை மேல்கடற்பக்கம் இணைந்தது. அவ்வருடமே மறுபடியும் பணமுடை. நார்தர்ன் பசிபிக், யூனியன் பசிபிக், சான்டா ஃபே ஆகிய பெரும் பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்ட்டார் வசம் போயின. கிரேட் நார்தர்ன் போகவில்லை.

அது போகாததன் காரணம் பலவாயினும், காலி வண்டியைப்பற்றி ஹில் கொண்டிருந்த கவலையே எமக்குச் சுவையாகப் படுகிறது. சந்தைக்குப் பாரம் ஏற்றிச் சென்ற வண்டி வெறுமையாகத் திரும்பினால், மாட்டுக்குத் தீனியும் வண்டிக்காரனுக்குக் கூலியும் போன சரக்கின்மேலேயே விழும் என்பது நம் கிராமத்து வண்டிக்காரருக்கும் தெரிந்ததே. மேற்கே குடியேறுவோர்க்கு வேண்டிய சாமான்களைக் கொண்டுசென்ற வாகன்கள் கிழக்கே வெறுமையாக வந்தன. மேல்கரையில் மரம் ஏராளம்; ஆயினும் கூலி மிகுதியால் கிழக்கே விற்க வழியில்லை. ஹில் மரத்திற்கு நூறு பவுண்டுக்கு 40 சென்டு என்று கூலியைக் குறைத்தார். மற்றக் கம்பெனியார் இது நஷ்டக் கூலி என்றனர். வெறுமையாக வரும் வாகனுக்கு எக்கூலியும் லாபமே என்பது இவர் கணக்கு. 1900-ல் இவர் அண்டைவீட்டாரான வெயர்ஹாஸர் என்பார், ஹில் செல்வாக்கிற்கு உட்பட்டுவிட்ட நார்தர்ன் பசிபிக்கிடமிருந்து, ஏக்கர் 6 டாலர் வீதம் 9 லட்சம் ஏக்கர் காட்டை வாங்கும் அளவுக்கு அம்மர வியாபாரம் வளர்ந்தது.

வேடிக்கை என்னவெனில், மரம் மிகுந்தவுடன் குறை மறுபக்கம் திரும்பிற்று. இப்போது கிழக்கே நிறைந்து வந்த வாகன்கள் மேற்கே வெறுமையாகப் போகத் தொடங்கின. மேற்கே போவதற்குச் சரக்கு வேண்டும்; மேற்கே கடலுக்கப்பால் ஆசியா இருந்தது. இளமையில் காண ஆசைப்பட்ட கீழ்த்திசை, கணக்குப் புத்தகத்தின் வழியே அவரிடம் திரும்ப வந்தது. ஜப்பானிய ஆலைகள் அந்நாளில் நம் இந்தியாவின் குறுகிய இழைப் பஞ்சைப் பெரிதும் வாங்கிவந்தன. அதனோடு அமெரிக்க நீள இழைப் பஞ்சையும் கலந்து நூற்றுப் பார்க்குமாறு ஹில் தூண்டினார். 1896-ல் நிப்பான் யூசென் கைஷா என்னும் ஜப்பானியக் கப்பற் கம்பெனியுடன் உடன்படிக்கை செய்துகொண்டார்; அவ்வருடம் ஆகஸ்டு 31-ந் தேதி மீகே மாரு என்னும் கப்பல் சியாட்டில் துறையை அடைந்தது. பஞ்சும் மாவும் தண்டவாளமும் போயின. தேயிலையும் பட்டும் வந்தன. பின்னர்த் தாமே மினசோட்டா, டகோட்டா என்ற இரு பெருங்கப்பல்களைக் கட்டுவித்தது மட்டும் ஆதாயம் தரவில்லை. டகோட்டா 1907-ஆம் வருடம் மார்ச்சு மாதத்தில் யோகஹாமாவுக்கு அருகே பாறையில் மோதிற்று. ஆட்கள் யாவரும் பிழைத்தனர், கப்பல் பிழைக்கவில்லை.

தொழிலாளர் விஷயத்தில் அவர் கணக்கு ஒருமுறை தவறிற்று. 1893 பஞ்சத்தைக் காட்டிச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டே போனார். 1894-ஆம் வருடம் ஏப்ரலில், யூஜீன் டெப்ஸ் தலைமையில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 18 நாள் சரக்கு நகரவில்லை. முடிவில் நகரத்து வியாபாரிகளே மத்தியஸ்தராயிருந்து, கேட்டதிற் பெரும்பாலும் தொழிலாளர்க்குக் கிடைக்குமாறு தீர்த்தனர். வாகனின் பளுவைத் துல்லியமாக அறிந்தவர் அதை ஓட்டுபவன் வீட்டு அடுப்பை அறியத் தவறினார்.

1901-ல் மார்கனுடன் கூடிப் பர்லிங்டன் பாதையை வாங்கினார். அதனால் ஹாரிமன் என்பாருடன் பங்குச் சண்டை மூண்டு, மே 9-ந் தேதி நியூயார்க்குச் சந்தையே கலங்கிற்று. பின் மூன்று பாதைகளையும் ஒரு குடையின்கீழ் வைக்க ஏற்படுத்திய நார்தர்ன் செக்யூரிடீஸ் கம்பெனியை, தியோடர் ரூஸ்வெல்ட் அரசாங்கம் வழக்காடிற்று. 1904-ல் உச்சநீதிமன்றத்து நீதிபதிகள் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, அக்கம்பெனி கலைக்கப்படவேண்டுமெனத் தீர்த்தனர்.

ஹில் 1916-ஆம் வருடம் மே மாதம் 29-ந் தேதி, 77-ஆம் வயதில், செயின்ட் பால் நகரிலேயே காலஞ்சென்றார். மரண சாஸனம் எழுதிவைக்கவில்லை. அவர் அழைத்து மாண்டானாவில் குடியேற்றிய விவசாயிகள் 1917 முதல் வந்த வறட்சியில் ஆயிரக்கணக்கில் நிலத்தைவிட்டு நீங்கியதை அவர் காணவில்லை. அடக்கம் நடந்த நாளில் கிரேட் நார்தர்ன் வண்டிகள் யாவும் இருந்த இருந்த இடத்திலேயே ஐந்து நிமிஷம் நின்றன. 1904-ல் சேரக்கூடாதென்று தீர்ப்பான அம்மூன்று பாதைகளும், 1970-ஆம் வருடம் மார்ச்சு மாதத்தில், சர்க்கார் அனுமதியோடும் நீதிமன்ற ஒப்புதலோடும் பர்லிங்டன் நார்தர்ன் என்ற ஒரே கம்பெனியாயின.