மண்ணறிஞர் ஸிரில் ஹாப்கின்ஸ்

போர்க்களத்தில் வென்றாரையும் அரியணையில் வீற்றிருந்தாரையும் நாம் பள்ளிப் பருவம் முதற்கொண்டே அறிவோம்; பாழ்பட்ட நிலத்தைத் திருத்தினாரை அங்ஙனம் அறிந்தோமில்லை. வேளாண்மை நூல் கற்போரிடையே பெரும்புகழ் வாய்ந்த ஸிரில் ஜார்ஜ் ஹாப்கின்ஸ் என்பாரது வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1866-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சார்ந்த மினஸோட்டா மாகாணத்தில் பிறந்தார். 1898-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1900 முதல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பயிர்த்தொழிற் பகுதியின் தலைவராய் விளங்கினார். அம்மாகாணத்து மண்ணையெல்லாம் எடுத்துப் பகுத்தாராய்வதே இவர் மேற்கொண்ட பெரும்பணி.

அந்நாளில் வாஷிங்டன் அரசாங்க மண்ணாராய்ச்சிப் பகுதியின் தலைவராயிருந்தவர் மில்ட்டன் விட்னி. மண்ணிலுள்ள பயிருணவு குறைவுபடுவதில்லை, பயிரை மாற்றி விதைத்து நன்கு உழுதலே போதும் என்பது 1903-இல் அவர் வெளியிட்ட கொள்கை. ஹாப்கின்ஸ் இதனை வன்மையாக மறுத்தார். இடாமல் எடுத்துக்கொண்டேயிருந்தால் எக்களஞ்சியந்தான் வற்றாது? பாஸ்பரஸ் என்னும் மணிச்சத்து, விளைந்த தானியத்தோடு வண்டியேறிச் சந்தைக்குப் போகின்றது, வயலுக்கு மீள்வதில்லை. அரசாங்கத்துப் பெரியார் ஒருவரை எதிர்த்து நிற்றல் எளிதன்று. ஆயினும் உழவர் ஏமாறுவரே என்னும் கவலை இவரை வாளாவிருக்க விடவில்லை.

அவ்வாண்டிலேயே, தென் இல்லினாயில் ஸேலம் என்னும் ஊரையடுத்து, ஏறத்தாழ 300 ஏக்கர் கொண்ட நலிந்த நிலமொன்றைத் தம் சொந்தப் பொருளால் வாங்கினார். அதற்குப் பூர்லாண்டு, அஃதாவது ஏழை நிலம், என்று பெயருமிட்டார். குறும்பும் உண்மையும் கலந்த பெயர்!

அம்மண் புளிப்பு மிகுந்தது. ரசாயன நூலார் அமில மண் என்பர். அத்தகைய மண்ணில் கிளோவர் முதலிய அவரையினப் பயிர்கள் செழிப்பதில்லை. அவற்றின் வேர் முடிச்சுக்களில் வாழ்ந்து காற்றிலுள்ள நைட்ரஜனைக் கவரும் நுண்ணுயிர்கள் அங்கே நலிந்துவிடும். ஆகவே முதற்கண் சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து இட்டுப் புளிப்பைத் தணித்தார். பின்னர்க் கிளோவரை வளர்த்து, அதனைத் தழையுரமாக மடக்கியுழுதார். அதனோடு பாஸ்பேட்டுப் பாறையின் தூளையும் சேர்த்தார். அழுகுந் தழை அப்பாறைத்தூளைக் கரைத்துப் பயிருக்கு ஊட்டும் என்பது இவர் கருத்து. 1913-இல் அந்நிலத்துக் கோதுமை, சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் பெற்ற பகுதியில் ஏக்கருக்கு 35 புஷலுக்கு மேல் விளைந்தது. அவை பெறாத பகுதியில் 12 புஷலும் தேறவில்லை.

மூட்டைகளில் கலப்புரம் விற்ற வணிகர் இவரை வெறுத்ததில் வியப்பென்ன? விலை மிகுந்த அவ்வுரங்களை வாங்க வேண்டுவதில்லை, மலிவான பாறைத்தூளே போதும் என்று ஊர்தோறும் உழவருக்கு எடுத்துரைத்தார். எனினும் இவர் முறை முற்றும் குறையற்றதென்று நாம் கூறோம். பாஸ்பேட்டுப் பாறைத்தூள் புளிப்பு மண்ணிலேதான் நன்கு கரையும். சுண்ணாம்பு மிகுமாயின் அக்கரைவு தடைப்படும். பிற்காலத்து உழவர், கந்தகத் திராவகத்தாற் பக்குவஞ்செய்த சூப்பர் பாஸ்பேட்டு முதலியவற்றையே பெரிதும் நாடினர். ஆயினும் எடுத்த சத்தை மண்ணுக்கு மீட்டளிக்க வேண்டுமென்ற அடிப்படையில் வென்றவர் ஹாப்கின்ஸே. விட்னியின் கொள்கை நிலைபெறவில்லை.

முதல் உலகப் போரின் இறுதியில், 1918-இல், செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் கிரேக்க நாடு சென்றார். போரால் உணவுக்கு அலமந்த அந்நாட்டின் வயல்களை ஆராய்ந்து, விளைவைப் பெருக்கும் வழிகளை வகுத்துக் கொடுத்தார். பணி முடித்துத் தாயகந் திரும்புகையில் நோய்வாய்ப்பட்டு, 1919 அக்டோபர் 6-ஆம் நாள் ஜிப்ரால்டரில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 53.