மனதை விளக்காத பஷீர்

வைக்கம் முகம்மது பஷீர் 1908-ல் திருவிதாங்கூரில், வைக்கத்தை அடுத்த தலையோலப்பறம்பில் பிறந்தார். வாப்பா மரவியாபாரி. பள்ளியில் படிக்கும்போதே வீட்டைவிட்டு ஓடியவர், 1930-ல் உப்புச் சத்தியாகிரகத்தில் சேரக் கோழிக்கோடு போய், கண்ணூர் சிறையில் அடைபட்டார். அதன்பின் பல ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தார்.

இத்தனையும் பார்த்தவர் எழுத உட்கார்ந்தபோது, தம் பாத்திரங்களின் மனதை எங்கும் அலசவில்லை. இதுதான் அவரிடம் நமக்குப் பெரிய ஆச்சரியம்.

1944-ல் வந்த ‘பால்யகால சகி’யைப் பாருங்கள். தங்கைகளின் கல்யாணத்துக்குப் பணம் தேடி மஜீத் வெளியூர் புறப்படுகிறான். சிறுவயதுத் தோழி சுகறா ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். அதற்குள் பஸ்ஸின் ஹாரன் கேட்கிறது, அவன் உம்மாவும் உள்ளே வந்துவிடுகிறார். அவன் போய்விடுகிறான். அந்நிய ஊரில் ஒரு காலை இழந்து, ஹோட்டலில் பாத்திரம் கழுவும் மஜீதுக்குச் சுகறாவின் மரணச் செய்தி வருகிறது. அவள் அன்று என்ன சொல்ல வந்தாள் என்ற கேள்வியோடு நாவல் முடிந்துவிடுகிறது. அவள் காதலை விளக்கி ஒரு பக்கம் எழுதியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. பயணம் அனுப்பிவைத்துப் பழகிய நம் வீடுகளுக்கு அந்த ஹாரன் சத்தம் புதிதல்ல.

1940-களின் தொடக்கத்தில் திருவனந்தபுரம் மத்திய சிறையிலும் இருந்தார். ‘மதில்கள்’ அங்கிருந்து பிறந்தது. மதிலுக்கு அப்பால் பெண்கள் சிறை. முகம் பார்க்காத நாராயணியின் குரல் மட்டும். சந்திப்பதாகப் பேசிவைக்கிறார்கள், சந்திப்பதற்குள் அவருக்கு விடுதலை வந்துவிடுகிறது. கையில் ஒரு ரோஜாவுடன் சாலையில் நிற்கிறார், அவ்வளவுதான்.

பின்னாளில் அவருக்கே மனநோய் வந்தது. வேறொருவர் என்றால் தன் மனதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதியிருப்பார். இவர் சிகிச்சையில் இருந்த 1954-ல் தங்கையின் ஆட்டைப் பற்றி எழுதினார்! ‘பாத்துமாவின் ஆடு’ முழுக்க வீட்டுச் சத்தம். உம்மா யாருக்கும் தெரியாமல் மகனிடம் காசு கேட்கிறார். அந்த ஏழ்மையும் கூச்சமும் பாசமும் அந்தக் கேட்பதிலேயே இருக்கின்றன. ஆடு அவர் எழுதிய புத்தகங்களையே தின்கிறது, அதையும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பேப்பூரில் குடியேறி ‘பேப்பூர் சுல்தான்’ என்று பெயர் வாங்கிய பஷீர், 1994 ஜூலை 5-ல் காலமானார். குளச்சல் மு. யூசுப்பின் மொழிபெயர்ப்பில் அவர் தமிழிலும் கிடைக்கிறார். பிள்ளைகளோடு படிப்பதானால் ஆட்டிலிருந்து தொடங்கலாம்.