கண்ணாடிக்காகப் பதவியை விட்டவர்

சென்ற பருவத்தில் பொதுநிதிப் பாடத்துக்கு ஓர் இடுபணி எழுத வேண்டியிருந்தது. கையில் பணமில்லாத அரசாங்கம் எந்தச் செலவை முதலில் வெட்டுகிறது, ஏன் என்று ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு எழுத வேண்டும். குலுக்கலில் எனக்கு வந்தது வேல்ஸ். வேல்ஸைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் காற்பந்து வீரர் கேரத் பேல் மட்டும்தான்.

அதே வாரம் அம்மாவை அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். 1 ரிங்கிட் கட்டி, எண் எடுத்து, காத்திருந்து, டாக்டரைப் பார்த்து, இரத்த அழுத்த மாத்திரையும் வாங்கியாகிவிட்டது. அம்மாவுக்குப் படிக்கும் கண்ணாடியும் மாற்ற வேண்டும். அதை வெளியே கடையில்தான் வாங்க வேண்டும். அடுத்த மாதம் பார்த்துக்கலாம் என்று அம்மா வழக்கம்போல் சொல்லிவிட்டார். காத்திருந்த நேரத்தில் நான் கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தது, மூக்குக்கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் மக்களிடம் காசு வாங்கக்கூடாது என்று சொல்லி அமைச்சர் பதவியை விட்டு வெளியேறிய ஒருவருடைய கதை. அவர் பெயர் அனைரின் பெவன். ஊரார் சுருக்கமாக நை என்று கூப்பிடுவார்கள்.

தென்வேல்ஸில் ட்ரெடெகர் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் 1897ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அவர் பிறந்தார். அப்பா டேவிட் சுரங்கத் தொழிலாளி. வீட்டில் பத்துப் பிள்ளைகள். எல்லாரும் பெரியவர்களாகும்வரை உயிரோடு இருக்கவில்லை. நைக்குத் திக்குவாய் வேறு. பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. 13 வயதில் அதை விட்டுவிட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கினார்.

அவர் படித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து காசு போட்டு நடத்திய நூலகம் ஒன்று ஊரில் இருந்தது. சுரங்கத்திலிருந்து வந்ததும் அங்கே போய்விடுவார். திக்குவாயை அவர் சமாளித்த விதம் பேச்சுப்போட்டிக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஒரு சொல் தொண்டையில் சிக்கும் என்று தெரிந்தால், அதே பொருள்தரும் வேறொரு சொல்லைப் பிடித்துக்கொள்வார். அதற்காகவே சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். பிற்காலத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மிகச் சிறந்த பேச்சாளர்களில் ஒருவராக அவரை எண்ணினார்கள். அந்தச் சொல்வளத்தின் தொடக்கம் இதுதான்.

19 வயதிலேயே தொழிற்சங்கக் கிளைக்குத் தலைவர். சங்கமே உபகாரச் சம்பளம் கொடுத்து 1919இல் அவரை லண்டனிலுள்ள தொழிலாளர் கல்லூரிக்கு அனுப்பியது. இரண்டாண்டு படித்துவிட்டு ஊர் திரும்பினால் எந்தச் சுரங்கமும் அவருக்கு வேலை தரவில்லை. தொல்லை கொடுப்பவர் என்று பெயர் வாங்கியிருந்தார். வேலையில்லாத அந்த நாள்களில் சகோதரியின் சம்பளத்தில் சாப்பிட வேண்டியிருந்தது. 1925இல் அப்பா இறந்தார். நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து வந்த நோய் அது. தொழிலால் வரும் நோய் என்று சட்டம் அதை அப்போது ஏற்காததால், வீட்டுக்கு ஒரு காசுகூட இழப்பீடு வரவில்லை. மகன் மடியில்தான் அவர் உயிர் பிரிந்தது.

அடுத்த ஆண்டு சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள். நாடு முழுக்க நடந்த வேலைநிறுத்தம் ஒன்பது நாளில் முடிந்துவிட்டது. சுரங்கத் தொழிலாளர்கள் மட்டும் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் பசி தாங்காமல், முன்பைவிடக் குறைந்த கூலிக்கு, முன்பைவிட அதிக நேர வேலைக்குத் திரும்பினார்கள். பெவன் அந்த ஊர்ப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர். தெருவில் நின்று போராடினால் மட்டும் போதாது, சட்டம் போடுகிற இடத்தில் உட்கார வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது இந்தத் தோல்விக்குப் பிறகுதான் என்று எனக்குப் படுகிறது. 1929இல் எபு வேல் தொகுதியில் தொழிற்கட்சி வேட்பாளராக நின்று வென்றார். சாகும்வரை அந்தத் தொகுதி அவரிடமே இருந்தது.

ட்ரெடெகரில் இன்னொன்றும் இருந்தது. என் இடுபணிக்கு மிகவும் பயன்பட்டதும் அதுதான். தொழிலாளர்களே நடத்திய மருத்துவ உதவிச் சங்கம் அது. சம்பளத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 3 பென்ஸ் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ்; ஆக நூற்றுக்கு ஒன்றேகால். அதற்குக் குடும்பம் முழுவதற்கும் டாக்டர், மருந்து, பல், கண், ஊர் மருத்துவமனை எல்லாம் கிடைத்தன. ஊர் மக்களில் 95 விழுக்காட்டினர் அந்தச் சங்கத்தின் பாதுகாப்பில் இருந்தார்கள். பெவன் அங்கே மருத்துவமனைக் குழுவில் வேலை செய்தவர். இருபதாண்டு கழித்து நாடு முழுவதற்கும் அவர் போட்ட திட்டத்தின் மாதிரி இங்கேதான் கிடைத்தது.

அதற்குள் 1931 வந்தது. உலகப் பொருளாதார மந்தம். கஜானா காலி, வேலையில்லாதோர் உதவித்தொகையைப் பத்து விழுக்காடு குறைக்க வேண்டும் என்றார்கள். அதை ஒப்புக்கொள்வதா இல்லையா என்று தொழிற்கட்சி அமைச்சரவையே இரண்டாகப் பிளந்து கவிழ்ந்தது. புதிதாக வந்த கூட்டணி அரசாங்கம் தொகையைக் குறைத்ததோடு நிற்கவில்லை, குடும்ப வருமானச் சோதனையையும் கொண்டுவந்தது. அது எப்படி நடந்தது என்று படித்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. அதிகாரி வீட்டுக்கு வந்து யார் யாருக்கு என்ன வருமானம் என்று கணக்கெடுப்பார். மகன் சிறு வேலைக்குப் போகிறானா? அப்பாவின் தொகையில் அதைக் கழித்துக்கொள். விற்கக்கூடிய தட்டுமுட்டுச் சாமான் இருக்கிறதா? முதலில் அதை விற்கச் சொல். அப்பாவுக்குக் காசு கிடைக்கட்டும் என்று பிள்ளைகள் வீட்டை விட்டு வேறிடத்துக்குக் குடிபோன குடும்பங்கள் உண்டு. 1932இல் வேல்ஸில் காப்புறுதி பெற்ற தொழிலாளர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் வேலையில்லை. அந்த அதிகாரி ஏறாத தெரு எத்தனை இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதை விடாமல் எதிர்த்தவர்களில் பெவனும், 1934இல் அவர் மணந்துகொண்ட ஜெனி லீயும் உண்டு. ஜெனி ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளியின் மகள். அவரும் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 1935 தொடக்கத்தில் அரசாங்கம் உதவித்தொகை விகிதங்களை மறுபடியும் மாற்றி, பல குடும்பங்களுக்குக் குறைத்தது. பிப்ரவரி 3ஆம் நாள் தென்வேல்ஸ் முழுவதும் ஏறக்குறைய 300,000 பேர் தெருவில் இறங்கினார்கள். மறுநாள் மெர்தர் என்ற ஊரில் பெண்கள் திரண்டுபோய் உதவித்தொகை அலுவலகத்தைச் சூறையாடினார்கள். சில நாள்களில் அரசாங்கம் பின்வாங்கியது. வேறு வழியே இல்லை என்று சொல்லப்பட்ட ஒரு வெட்டுக்கு ஒரே வாரத்தில் வேறு வழி கிடைத்துவிட்டது.

போர்க்காலத்தில் சர்ச்சிலை எதிர்த்துப் பேசித் திட்டு வாங்கியது, அதற்கு முன் சொந்தக் கட்சியே அவரைச் சில மாதம் வெளியே தள்ளியது, இதழ் நடத்தியது என்று நிறைய இருக்கிறது. அதையெல்லாம் இங்கே தாண்டிப் போகிறேன். 1945இல் தொழிற்கட்சி பெரும் வெற்றி பெற்றது. பிரதமர் அட்லி, 47 வயது பெவனைச் சுகாதார அமைச்சராக்கினார். வீடமைப்பும் அவர் பொறுப்புதான். அரசாங்க வீடு குறைந்தது 900 சதுர அடி இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சின்னதாகக் கட்டினால் நிறையக் கட்டலாமே என்று கேட்டவர்களுக்கு அவர் இணங்கவில்லை. எங்கள் அடுக்குமாடி வீடு 650 சதுர அடி. அதனால் இந்த இடத்தில் நான் அவர் பக்கம்.

அப்போது பிரிட்டனிடம் பணம் இருந்ததா? சுத்தமாக இல்லை. போரில் கடனாளியாகி, அமெரிக்காவிடம் 3,750 மில்லியன் டாலர் கடன் வாங்கியிருந்தது. போர் நடந்தபோதுகூடப் பங்கீட்டுக்கு வராத ரொட்டி, 1946இல் பங்கீட்டுக்கு வந்தது. தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிய 1948 ஜூலை 5ஆம் நாளிலும் ரொட்டிக்குப் பங்கீட்டு அட்டை இருந்தது. அந்த நாட்டில்தான், பணக்காரர் ஏழை என்று பாராமல் எல்லாருக்கும் டாக்டர், மருந்து, மருத்துவமனை, பல், கண் எல்லாம் இலவசம், செலவைப் பெரும்பாலும் வரிப்பணம் ஏற்கும் என்று அறிவித்தார்கள்.

டாக்டர்கள் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் பத்துக்கு ஒன்பது டாக்டர்கள் வேண்டாம் என்றார்கள். பெவன் சில இடங்களில் வளைந்துகொடுத்தார். பெரிய நிபுணர்கள் அரசாங்க மருத்துவமனையிலேயே கட்டண நோயாளிகளைப் பார்க்கலாம்; குடும்ப டாக்டர்கள் சம்பள ஊழியர்களாக மாற வேண்டியதில்லை. கொள்கைக்காரர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் ஜூலை 5ஆம் நாள் டாக்டர் இல்லாத மருத்துவமனைகளைத்தான் திறந்திருப்பார் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. தொடக்க நாளுக்கு முதல் நாள் மான்செஸ்டர் கூட்டத்தில் எதிர்க்கட்சியினரை எலி பூச்சிகளுக்கும் கீழே வைத்துப் பேசிவிட்டார். அந்தப் பேச்சு தொழிற்கட்சிக்கு எத்தனையோ வாக்குகளைக் கெடுத்தது என்று சொந்தக் கட்சிக்காரர்களே நொந்துகொண்டார்கள்.

முதல் ஆண்டிலேயே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகள் கொடுக்கப்பட்டன. செலவு மதிப்பீட்டைத் தாண்டி எங்கோ போனது. ஓசியில் கிடைத்தால் வாங்கத்தானே செய்வார்கள் என்று நாளிதழ்கள் கேலி செய்தன. அதுவரை தெருக்கடையில் பத்துக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, ஓரளவு தெரிகிறதை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த வரிசையில் நின்றதை யாரும் பெரிதாக எழுதவில்லை.

பிறகு கொரியப் போர். 1951 ஏப்ரலில் நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் வரவுசெலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தார். மூன்றாண்டில் ஆயுதங்களுக்கு 4,700 மில்லியன் பவுண்டு. மருத்துவத்தில் சிக்கனம் காட்ட, கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் பாதி விலை வசூலிக்க வேண்டும். அதனால் அந்த ஆண்டு மிச்சமாவது ஏறக்குறைய 13 மில்லியன் பவுண்டு. அப்போது தொழிலாளர் அமைச்சராக இருந்த பெவன், இந்தக் கட்டணம் வந்தால் இருக்கமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். பிரதமர் அட்லி குடற்புண்ணுக்காக மருத்துவமனையில் படுத்திருந்தார். சமரசம் செய்துவைக்க ஆளில்லை. பெவன் விலகினார். பிற்காலப் பிரதமர் ஹெரால்ட் வில்சனும் ஜான் ஃபிரீமேனும் கூடவே விலகினார்கள்.

இதே கொரியப் போரால்தான் மலாயாவில் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறியது. மலாயா ரப்பரும் ஈயமும் ஈட்டிய டாலர், லண்டனின் பற்றாக்குறையை நிரப்ப உதவியது. பால்மரம் வெட்டிய குடும்பத்தில் வந்தவள் நான். அந்தச் சமயம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் ஊற்றிக்கொடுத்த மருந்தைப் பற்றிப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். லண்டன் அமைச்சரவையில் இலவசக் கண்ணாடிக்காக நடந்த சண்டையில் தோட்டத்துக் கண்கள் யார் கணக்கிலும் இல்லை. இடுபணியில் இதை எழுதினேன். தலைப்பை விட்டு விலகுகிறது என்று ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு வந்தது.

பெவன் விலகியது சரியா? வெறும் 13 மில்லியனுக்காகக் கட்சியை உடைத்தார், அதே ஆண்டு அக்டோபரில் ஆட்சி போனது, திரும்பிவர 13 ஆண்டு ஆனது என்பது ஒரு வாதம். நிதியமைச்சர் பதவி தனக்குக் கிடைக்காமல் கெய்ட்ஸ்கெலுக்குப் போன மனக்கசப்பும் உண்டு என்பார்கள். மருந்துச்சீட்டுக்கு 1 ஷில்லிங் வாங்கலாம் என்ற சட்டத்துக்கு 1949இல் அவரே சம்மதித்தவர், அது நடைமுறைக்கு வரவில்லை என்றாலும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் தொகை அவ்வளவு சிறிது என்றால், 4,700 மில்லியனில் அதைத் தேட ஏன் முடியவில்லை? சிக்கனம் என்ற சொல் முதலில் தட்டுவது யார் வீட்டுக் கதவை என்று 1931லேயே பார்த்தவர் அவர். ஆட்சிக்கு வந்த சர்ச்சில், அந்த ஆயுதத் திட்டத்தை அப்படியே நிறைவேற்ற முடியாது என்று குறைத்துக்கொண்டார். கண்ணாடிக் கட்டணமோ அப்படியே இருந்தது. 1952இல் மருந்துச்சீட்டுக்கும் 1 ஷில்லிங் வந்தது. சேவையின் செலவை ஆராய்ந்த கில்போ குழு 1956இல் அறிக்கை கொடுத்தபோது, நாட்டு வருமானத்தில் அந்தச் செலவின் பங்கு 3.75 விழுக்காட்டிலிருந்து 3.25 விழுக்காடாகக் குறைந்திருந்தது தெரியவந்தது. கட்டுக்கடங்காத செலவு என்று அத்தனை ஆண்டு பேசியது அதைப் பற்றித்தான்.

பெவன் மீண்டும் அமைச்சராகவே இல்லை. 1959இல் கட்சியின் துணைத் தலைவரானார். 1960 ஜூலை 6ஆம் நாள் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். வயது 62.

1999இலிருந்து வேல்ஸின் சுகாதாரத்துறையைக் கார்டிஃப் நகரிலுள்ள வேல்ஸ் அரசாங்கம் கவனிக்கிறது. பணம் மட்டும் பெரும்பாலும் லண்டனிலிருந்து மொத்தத் தொகையாக வருகிறது. லண்டன் வெட்டினால் எதைக் காப்பது, எதை விடுவது என்று கார்டிஃப் முடிவு செய்ய வேண்டும். 2007 ஏப்ரல் 1ஆம் நாள் வேல்ஸில் மருந்துச்சீட்டுக் கட்டணம் ஒழிந்தது. 2010க்குப் பிறகு வந்த நீண்ட சிக்கன ஆண்டுகளில், வசதியுள்ளவர்களிடமாவது அதை மறுபடி வாங்கினால் என்ன என்ற பேச்சு எழுந்துகொண்டே இருந்தது. இங்கிலாந்தில் இன்றும் வாங்குகிறார்கள், வேல்ஸில் வாங்குவதில்லை. ட்ரெடெகர் வட்டாரத்து மருத்துவமனைகளை நடத்தும் வாரியத்துக்கு 2009 முதல் பெவனின் பெயர். அவர் திறந்தவெளிக் கூட்டம் போட்ட குன்றில் நான்கு கற்கள் நட்டிருக்கிறார்கள். நடுவிலுள்ள பெரிய கல் அவருக்கு, மற்ற மூன்றும் அவர் தொகுதியின் மூன்று ஊர்களுக்கு.

இடுபணிக்கு பி பிளஸ் கிடைத்தது. அம்மா இன்னும் கண்ணாடி மாற்றவில்லை.