திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோயமுத்தூர்க் கலாசாலை ஒன்றில் ஒரு சிறுவன் படித்து வந்தான். மாணவர் சுமார் 400 பேர். அவர்களுள் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணப் பிள்ளைகள். தன் ஜாதி இன்னதென்று தெரிந்தால் இழிவு நேருமென அஞ்சிய அச்சிறுவன், மணி அடிக்கும்வரை வெளியே அமர்ந்திருப்பான். வகுப்பு முடிந்ததும் எவரோடும் விளையாடாமல் வீடு திரும்பிவிடுவான். 1859-ல் செங்கற்பட்டு ஜில்லா கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனே அவன். 1939-ல் வெளியான தமது ஜீவிய சரித்திரத்தில் அவரே இதனை எழுதிவைத்தார்.

நீலகிரியில் கணக்கராக உத்தியோகம் பார்த்த பின், அவர் சென்னைக்கு வந்து 1893 அக்டோபரில் 'பறையன்' என்ற பத்திரிகையைத் துவக்கினார். பள்ளியில் அஞ்சி மறைத்த பெயரே பத்திரிகையின் பெயராயிற்று. அவ்வருஷமே, சிவில் சர்வீஸ் பரீட்சையை இந்தியாவிலும் நடத்தவேண்டுமென்ற காங்கிரஸின் கோரிக்கையை எதிர்த்து, 3,412 பேர் கையெழுத்திட்ட மகஜரைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு அனுப்பினார். தேசாபிமானிகளுக்கு இச்செய்கை கசப்பாயிருந்ததை நாம் மறைப்பதற்கில்லை. ஆயினும், கலாசாலை வாசலில் ஒதுங்கி நின்றவர், தம்மை ஒதுக்கியவர்களே அதிகாரிகளாக வருவதைக் கண்டு அஞ்சியதில் வியப்பென்ன? அவரைக் குறைகூறுமுன், அவ்வச்சத்தை விளைவித்த நம்மையே நாம் நொந்துகொள்ள வேண்டும்.

1900-ல் கடல் கடந்து சென்ற அவர், தென்னாப்பிரிக்காவில் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளராகப் பல வருஷங்கள் பணி புரிந்தார். அங்கே வெள்ளையர், ஜாதி பாராது இந்தியர் அனைவரையும் கூலிகளென்றே இகழ்ந்தனர். அந்த நிறத்திமிரைக் கண்டித்துக் கூட்டம் போட்ட நம் தேசத்திலோ, ஊர்ப் பொதுக் கிணறு ஆதி திராவிடருக்கு அடைபட்டே இருந்தது.

1921-ல் தாயகம் திரும்பிய சீனிவாசன், சென்னைச் சட்டசபையில் நியமன அங்கத்தினரானார். பொது ரஸ்தாக்களும், கிணறு குளங்களும், சர்க்கார் கச்சேரிகளும் எல்லா வகுப்பினருக்கும் உரியவை என்ற தீர்மானத்துக்காக அவர் அங்கே வாதாடினார். 1924-ல் அது நிறைவேறிச் சர்க்கார் உத்தரவாகவும் வெளிவந்தது. லண்டன் வட்டமேஜை மகாநாட்டில் டாக்டர் அம்பேத்கருடன் அமர்ந்தார். 1932-ல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதன்படி கூட்டுத் தொகுதி முறையில் சென்னை மாகாணத்துக்கு 30 தனி ஸ்தானங்கள் கிடைத்தன. 1945 செப்டம்பர் 18-ல் அவர் காலமானார்.

ஸ்தானம் ஒதுக்குவது சலுகையென்று கருதுவோர் இன்றும் உளர். கோயமுத்தூர்ப் பள்ளியில் ஒரு சிறுவன் ஏன் விளையாட வரவில்லை என்று நூற்றுக்கணக்கானவர்களில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பெரும்பான்மையோரின் கண்ணுக்குப் புலப்படாத துயரைச் சபையில் எடுத்துரைக்க, அத்துயரை அனுபவித்தவனே அங்கே இருக்கவேண்டும். ஸ்தானம் மட்டும் போதாது என்பதையும் நாம் கண்டோம். மதுரைப் பக்கத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும், தனி ஊராட்சியென்று வகுத்த பின்னரும், 2006 வரை தலைவர் ஒருவர் நிலைபெற ஊரார் இடந்தரவில்லை. கொங்கு நாட்டு ஊர்ப் பெரியோர், தேர்தல் வருந்தோறும் அப்பள்ளி வாசலை நினைவிற் கொள்வாராக. வாக்களிப்பதோடு நில்லாமல், தேர்ந்து வந்தவருக்கு நாற்காலியும் சொல்லுரிமையும் உண்டாவென்று கேட்பதே சீனிவாசனாருக்கு நாம் செய்யத்தக்க மரியாதை.